கையெழுத்துக்கு முன்னால் ஒரு பாவசங்கீர்த்தனம்

மருத்துவமனை அறநெறிக் குழுக்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் குருக்களுக்கும் சகோதரிகளுக்கும் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். கொள்கைகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவை உங்களிடம் புத்தகமாகவே இருக்கின்றன. அந்தப் புத்தகத்தில் சில பக்கங்கள் என் வகுப்புக் குறிப்புகளிலிருந்து போனவைதான். படித்தால் தூக்கம் வரும், ஆனால் பிழை ஒன்றும் இல்லை. நான் எழுத நினைத்தது நான் செய்த ஒரு தவற்றைப் பற்றி. உட்கார்ந்து நாலு நாளாகிறது. இரண்டு பத்தி எழுதுவேன், எழுந்து தாழ்வாரத்தில் நடப்பேன், திரும்பி வந்து எழுதியதை அடித்துவிடுவேன். இந்த ஓய்வு இல்லத்தில் கூட இருக்கும் குருக்கள், “என்ன, ஆயருக்குப் புகார் எழுதுறீரா?” என்று கிண்டல் செய்கிறார்கள். இருக்கட்டும்.

பதினெட்டு வருடம் குருமடத்தில் அறநெறி இறையியல் கற்பித்தேன். உயிர் காக்கும் சிகிச்சையை எப்போது நிறுத்தலாம், உடல் உறுப்பை யார் யாருக்குக் கொடுக்கலாம், கூலியும் நிலமும் நீதியும் என்றால் என்ன, எல்லாவற்றுக்கும் என்னிடம் கரும்பலகை நிறையப் பதில் இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஆயர் என்னைக் கூப்பிட்டு, “பாடம் எடுத்தது போதும், போய்ப் பாருங்க” என்று பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே சகோதரிகள் நடத்திய ஒரு மருத்துவமனைக்கு ஆலோசகராக அனுப்பினார். நான் அங்கே இருந்த வருடங்களில் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். மருத்துவமனை நின்ற இடத்திலேயே நின்றது. வாசல் பலகையைத்தான் ஒவ்வொரு தடவையும் பெயின்ட் அடித்து மாற்றி எழுதினோம்.

போன முதல் மாதமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். வாலிகண்டபுரம் பக்கத்து விவசாயி ஒருவர், வயதானவர், மூச்சு மெஷினில் இருந்தார். இனித் தேற மாட்டார் என்று தெரிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, அது கொலையாகிவிடாதா என்று மகன்களுக்குக் குழப்பம். நான் அவர்களை உட்காரவைத்து, சாதாரண சிகிச்சை எது, அசாதாரண சிகிச்சை எது என்று அரைமணி நேரம் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். மூத்த மகன் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டுவிட்டு, “சரிங்க சாமி. இப்ப வண்டிக்குச் சொல்லவா, வேண்டாமா?” என்றான்.

அந்த மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவரும் ஒரு சகோதரிதான். ஊரே அவரை டாக்டர் சிஸ்டர் என்று கூப்பிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஜெயங்கொண்டம் பக்கம் பிறந்தவர். அன்றைக்கு உள்ளே வந்தவர் மகன்களைப் பார்க்கவே இல்லை. மூலையில் உட்கார்ந்திருந்த கிழவியிடம் போய்க் குனிந்து, “ஆயா, அவரு நல்லா இருக்கையில இதப் பத்தி என்ன சொல்லிருக்காரு?” என்று கேட்டார். “எம் வூட்டுலதான் கெடந்து சாவேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரும்மா” என்று கிழவி அழுதாள். பத்து நிமிடத்தில் வண்டிக்குச் சொல்லியாயிற்று. போகிறபோது டாக்டர் சிஸ்டர் என்னிடம், “ஃபாதர், நீங்க பேசினது எல்லாம் சரிதான். யாருக்கிட்ட பேசணுமோ அவங்ககிட்ட பேசல” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அப்போது சிறுநீரக வியாபாரம் பற்றிப் பத்திரிகைகளில் நாறிக்கொண்டிருந்தது. அதனால் சென்னையில் மாற்று அறுவை செய்த ஒரு பெரிய மருத்துவமனை, இரத்த உறவாக இருந்தாலும், கொடுப்பவர் மனமுவந்துதான் கொடுக்கிறார் என்று உள்ளூரில் விசாரித்து எழுதிய ஒரு தாள் கேட்கும். எங்கள் பக்கத்து நோயாளிகளுக்கு அந்தத் தாளைக் கொடுக்க மூன்று பேர் கொண்ட குழு ஒன்று இருந்தது. டாக்டர் சிஸ்டர், லப்பைக்குடிக்காட்டிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நான். மூவரும் கொடுப்பவரைத் தனியாகப் பார்த்துப் பேசி, மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் தாள் போகாது.

அந்தக் குழுவில் உட்கார்ந்துதான் நான் சமூக நீதி படித்தேன் என்று சொல்வேன். கொடுக்க வந்தவர்கள் பெரும்பாலும் சேலை கட்டியவர்கள். வாங்க இருந்தவர்கள் பெரும்பாலும் வேட்டி கட்டியவர்கள். மனைவி, அம்மா, அக்கா, தங்கை. “சம்மதமா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் சிலர் அழ ஆரம்பிப்பார்கள்.

அப்படி மனமில்லை என்று தெரிந்தால் டாக்டர் சிஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். வெளியே வந்து குடும்பத்திடம், “டெஸ்ட் சரியா வரலைங்க. இவங்க கிட்னி சேராது” என்று சொல்லிவிடுவார். அந்தப் பெண் அன்றைக்குத் தன் வீட்டுக்கு நிம்மதியாகப் போவாள். எனக்கு இது தெரியவந்தபோது குதித்தேன். பொய் பொய்தான், நல்ல காரணத்துக்குச் சொன்னாலும் பொய்தான், ஒரு கத்தோலிக்க மருத்துவமனையில் மருத்துவரே பொய் சொன்னால் நாளைக்கு நாம் சொல்லும் உண்மையை யார் நம்புவார்கள் என்று சண்டை போட்டேன். அவர் ஒரே பதில்தான் சொன்னார். “ஃபாதர், நான் உண்மையச் சொல்லிட்டு மடத்துக்குப் போயிடுவேன், நீங்க உங்க வூட்டுக்குப் போயிடுவீங்க. அந்தப் பொம்பள எந்த வூட்டுக்குப் போவா?”

நான் விடவில்லை. சகோதரிகளின் சபைத் தலைவிக்குக் கடிதம் எழுதினேன், புத்தகங்களிலிருந்து மேற்கோள் காட்டினேன், ஜெயித்தேன். அதற்கப்புறம் டாக்டர் சிஸ்டர் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. நான் ஜெயித்த நாளில் அவர் என்னிடம் கோபப்படவும் இல்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் அது எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

அது நடந்து சில மாதங்களில் வரதராஜன்பேட்டைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்தோணி, சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுபவன், முப்பது வயது ஆகவில்லை, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் இரண்டு தடவை திருச்சிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவான். கல்யாணம் ஆகவில்லை. அப்பா இல்லை. அம்மா சவேரியம்மாளுக்குச் சர்க்கரை இருந்ததால் அவர் கொடுக்க முடியாது. ஒரே தங்கை ஜெயராணி. கட்டிக்கொடுத்து மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. சோதனையில் ஜெயராணியின் சிறுநீரகம் அண்ணனுக்கு நன்றாகப் பொருந்திவிட்டது. அடுத்த திங்கட்கிழமைக்குள் எங்கள் தாள் சென்னைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஆபரேஷனுக்கு ஒதுக்கிய தேதி வேறொருவருக்குப் போய்விடும்.

கூட்டம் காலை பத்து மணிக்கு. நான் ஒன்பதுக்கே போய்விட்டேன். குடும்பம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. “தோத்திரம் சாமி” என்று சவேரியம்மாள் எழுந்து நின்றார். “நம்ம சாமி இருக்கையில எங்களுக்கு என்ன கவல. எம் மவ தங்கம் சாமி. சொன்னதும் சரின்னுட்டா.” ஜெயராணி பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தோணி கால் வீங்கிப்போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

நான் மருத்துவமனையின் சிற்றாலயத்துக்குள் போய் ஜெபப் புத்தகத்தைத் திறந்த கொஞ்ச நேரத்தில் ஜெயராணி உள்ளே வந்தாள். “சாமி, பாவசங்கீர்த்தனம் பண்ணணும்” என்றாள்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் ஆபரேஷன் என்றால் முதலில் குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுவார்கள். பல் பிடுங்கப் போகிறவர்கள்கூடச் செய்து பார்த்திருக்கிறேன். அதனால் அவள் கேட்டதில் புதுமை ஒன்றும் இல்லை. நான் செய்ய வேண்டியது மிகச் சுலபம். “அரை மணி நேரம் பொறும்மா, அரியலூர்ப் பங்குச்சாமிக்குப் போன் போட்டு வரச் சொல்றேன்” என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் பைக்கில் வந்துவிடுவார். நான் சொல்லவில்லை. மக்கள் என்னைத் தேடி வருகிறார்கள் என்ற பெருமை ஒரு பக்கம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழுவில் மற்ற இரண்டு பேருக்கும் முன்னால் எனக்கு உண்மை தெரிந்துவிடும் என்ற ஆசையும் இருந்தது. பாவமன்னிப்புக்கென்று குரு அணியும் ஊதா ஸ்டோலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் என்ன சொன்னாள் என்று உங்களுக்கும் சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் பேசினாள், அழுதாளா, நான் என்ன புத்தி சொன்னேன், எதுவும் சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எவரிடமும், உயிரே போனாலும், வாயாலோ முகத்தாலோ வெளிப்படுத்தக் கூடாது. கேட்டதை வைத்து வெளியே ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. இது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். குருமடத்தில் ஒரு மாணவனுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கிறவர், அவனுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று பேசும் கூட்டத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பதைப் பதினெட்டு வருடம் பாடம் நடத்தினேன். தேர்வில் கேள்வியாகக்கூடக் கேட்டேன். தப்பாக எழுதியவர்களுக்கு மதிப்பெண் வெட்டினேன்.

பாவமன்னிப்பு கொடுத்து, ஸ்டோலைக் கழற்றி மடித்து, வாசற்படியில் கால் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் இவளைப் பற்றி ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

அங்கேயே நின்றுவிட்டேன். போட்டால், அவள் உள்ளே சொன்னதை வைத்துப் போட்டதாக ஆகும். போடாவிட்டாலும் அப்படியே ஆகும். கூட்டத்தில் உட்காராமல் இருந்தால், ஏன் உட்காரவில்லை என்று ஊர் கேட்கும். அவள் எதைச் சொல்லியிருந்தாலும் சரி, என் கையெழுத்து அன்றைக்குச் செத்துவிட்டது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடலாமா என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். டாக்டர் சிஸ்டருடைய பொய்யை எதிர்த்துச் சபைத் தலைவிக்கு நாலு பக்கம் எழுதியவன், அதைவிட மட்டமான ஒரு பொய்யைத் தேடிக்கொண்டு சிற்றாலய வாசலில் நின்றேன்.

பத்து மணிக்குத் தலைமையாசிரியர் வந்தார். மூவருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, “நான் இன்னைக்கு உக்காரல” என்றேன்.

“ஏன் ஃபாதர்?” என்றார் டாக்டர் சிஸ்டர்.

“கேக்காதீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். சிற்றாலயத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தலைமையாசிரியருக்கும் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. “எங்க பள்ளிவாசல்ல இந்த ஏற்பாடு இல்ல ஃபாதர், அல்ஹம்துலில்லாஹ். எனக்கு இந்தக் கஷ்டம் வராது” என்றார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நான் வெளியே வந்ததைச் சவேரியம்மாள் பார்த்துவிட்டார். மகள் சிற்றாலயத்திலிருந்து வந்ததையும் பார்த்திருந்தார். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “என்னடி சொன்ன சாமிகிட்ட?” என்று மகளின் கையைப் பிடித்து உலுக்கினார். தாழ்வாரத்தில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “சொல்லுடி. சாமி கையெழுத்துப் போட முடியாதுன்னு எழுந்து வராருன்னா நீ என்ன சொல்லித் தொலச்ச?”

“அம்மா, விடும்மா” என்றான் அந்தோணி பெஞ்சிலிருந்து.

சவேரியம்மாள் மகளை விட்டுவிட்டு என் காலில் விழுந்தார். “ஒரு வார்த்த சொல்லுங்க சாமி. சரின்னாளா, மாட்டேன்னாளா? அத மட்டும் சொல்லுங்க. எம் புள்ள உசுரு சாமி.”

‘அம்மா, அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை’ என்று சொல்ல நாக்கு வந்தது. அதையும் சொல்லக் கூடாது. ஜெயராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்றால் அது டாக்டர் சிஸ்டரின் பழைய பொய்தான். அதை நான்தான் பிடுங்கி எறிந்திருந்தேன்.

அப்போது டாக்டர் சிஸ்டர் வெளியே வந்தார். தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினார். “எல்லாரும் கேட்டுக்குங்க. ஃபாதர் யாருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டாலும் அவங்க கேஸ்ல உக்கார மாட்டாரு. அவங்க சரின்னு சொல்லிருந்தாலும் உக்கார மாட்டாரு, மாட்டேன்னு சொல்லிருந்தாலும் உக்கார மாட்டாரு, வேற எதச் சொல்லிருந்தாலும் உக்கார மாட்டாரு. திருச்சபச் சட்டம் அது. இதுல அந்தப் பொண்ணு தப்பு ஒண்ணும் இல்ல. எழுந்திரிங்கம்மா.” பிறகு ஒரு வெள்ளைத் தாளில் அதையே எழுதி, பிளாஸ்டர் போட்டுச் சுவரில் ஒட்டினார். எங்கள் குழுவுக்கு அந்த நிமிடம்வரை அப்படி எழுதப்பட்ட விதி கிடையாது. ஆனால் நான் வகுப்பில் கற்பித்த சட்டம் அதுதான். கற்பித்தவன் மறந்ததை, வகுப்பில் உட்காராதவர் நினைவில் வைத்திருந்தார். மூன்றாவது கையெழுத்துக்கு அரியலூர்ப் பங்குக் குருவை வரச் சொல்லிப் போன் செய்தார்கள். டாக்டர் சிஸ்டர் ஜெயராணியைத் தனியாக உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

எனக்கு உட்கார இடமில்லை. மருத்துவமனைக்குப் பின்னால் கத்தரிக்காய்த் தோட்டம் இருந்தது. பாத்தி ஓரமாகப் போவேன், வருவேன். மூன்றாவது தடவை திரும்பியபோது அந்தோணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

“சாமி, அவ என்ன சொன்னான்னு நான் கேக்க மாட்டேன்.”

“சரிப்பா.”

“நான் சொல்றத மட்டும் கேளுங்க. நான் அவகிட்ட ஒரு தடவகூடக் கேக்கல சாமி. அம்மாதான் கேட்டுச்சு. நான் கேட்டா அவ இல்லன்னு சொல்ல மாட்டா. சின்ன வயசுலேருந்து அப்படித்தான். அதான் கேக்கல.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “ஆனா சாகப் பயமா இருக்கு சாமி. ராத்திரி படுத்தா பயமா இருக்கு. அவ இல்லன்னு சொன்னாலும் நான் கோவப்பட மாட்டேன்னு அவகிட்ட சொல்லிடுறீங்களா?”

நான் முடியாது என்று தலையசைத்தேன். “நான் சொல்லக் கூடாதுப்பா. இன்னைக்கு அவகிட்ட இந்தப் பேச்சையே நான் எடுக்கக் கூடாது. நீயே சொல்லு.”

அவன் கத்தரிச் செடிகளைப் பார்த்தான். அந்த நேரத்தில் அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, டாக்டர் சிஸ்டரின் அறை ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துச் சொன்னான். “ஜெயா, மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன். அம்மாவ நான் பாத்துக்கிறேன்.”

நான் பக்கத்தில் நின்றேன். முப்பது வருடக் குருவாழ்க்கையில் அப்படி ஒரு செபத்தை நான் கேட்டதில்லை. எத்தனையோ பேரிடம் ‘சம்மதமா, சம்மதமா’ என்று நாங்கள் மூவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தவன், அந்தச் சிறுநீரகம் கிடைத்தால் பிழைக்கக்கூடிய அவன் ஒருவன்தான். உங்கள் புத்தகத்தில் சுதந்திரமான சம்மதம் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அதைப் படிக்கும்போது இந்த ஜன்னலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கதவு திறந்தது. ஜெயராணி வெளியே வந்தாள். எல்லாருக்கும் முன்னால், அம்மாவைப் பார்க்காமல், அண்ணனைப் பார்த்து, “முடியாதுண்ணே. எம் புள்ளைய வச்சிக்கிட்டு என்னால முடியாதுண்ணே” என்றாள். அந்தோணி, “சரிம்மா. சரி. அழுவாத” என்றான். இது ஊருக்கே தெரிந்த விஷயம், அதனால் எழுதுகிறேன். உள்ளே அவள் என்னிடம் சொன்னது இதுவா, இதற்கு நேர்மாறா, வேறேதாவதா என்று நீங்கள் யோசிக்க வேண்டாம்.

சவேரியம்மாள் மகளைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. “இனிமே எம் வூட்டு வாசப்படிய மிதிக்காத” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மகனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். வந்துகொண்டிருந்த பங்குக் குருவை வழியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினோம்.

அவர்கள் போனபிறகு டாக்டர் சிஸ்டர் மேசையை ஒழுங்கு செய்துகொண்டே, “அந்தப் பொய் இருந்திருந்தா, அந்தப் பொண்ணு இன்னைக்கு அம்மா வூட்டுக்குப் போயிருக்கும் ஃபாதர்” என்றார். அது உண்மை. ஆனால் அந்தப் பொய் இருந்திருந்தால் அந்தோணி ஜன்னலுக்குப் போயிருக்க மாட்டான், தங்கையும் அண்ணன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லியிருக்க மாட்டாள். இதுவும் உண்மை. இரண்டையும் இத்தனை வருடமாகத் தூக்கிப் பார்க்கிறேன், எது கனம் என்று தெரியவில்லை. பிறகு நாங்கள் இரண்டுபேரும் உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். எந்தக் குடும்பம் வந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுவோம்: தாள் உண்டு, அல்லது இல்லை, இரண்டில் ஒன்றுதான் சொல்வோம், காரணம் எவருக்கும் சொல்ல மாட்டோம். பொய்யும் இல்லை, காட்டிக்கொடுப்பதும் இல்லை. அதை நான் முதல் சண்டையின்போதே யோசித்திருக்கலாம். அப்போது ஜெயிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் இரண்டே வரி. நீங்கள் யாரைப் பற்றி முடிவெடுக்க வேண்டுமோ, அவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்காதீர்கள். வேறு குருவைக் கூப்பிடுங்கள். ஒருவர் சட்டென்று நம்பி வந்து நிற்கும்போது இது நினைவுக்கு வராது, அதனால் சுவரில் ஒட்டி வையுங்கள். இத்தோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை நன்றாக முடிந்திருக்கும். நான்கு நாளாக நான் அடித்து அடித்து எழுதுவது இதற்கு மேல் வருவதைத்தான்.

அந்தோணி பதினாலு மாதம் இருந்தான். திருச்சிக்குப் போகிற பஸ்ஸில் வாரம் இரண்டு தடவையும் ஜெயராணி கூடப் போனாள். அம்மா வீட்டுக்குள் போக முடியாது என்பதால் பஸ் ஸ்டாப்பில் சோற்றுப் பாத்திரத்தோடு நிற்பாளாம். ஒரு கோடைக்காலத்தில் அவன் இறந்தான். சவேரியம்மாள் மகளைச் சவத்தைத் தொட விட்டார், பேசவில்லை. ஊரில் என்ன சொன்னார் என்பது என் காதுக்கும் வந்தது. ‘எம் மவ சரின்னுதான் சொல்லிருந்தா. பாவசங்கீர்த்தனத்துல அந்தச் சாமிதான் புத்திய மாத்திட்டாரு.’ நான் நடந்து போனால் சிலர் தோத்திரம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். நான் அப்படிச் செய்யவில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாது. இப்போது உங்களிடமும் சொல்லவில்லை, கவனியுங்கள்.

முதல் வருடப் பூசைக்கு அவர்களுடைய பங்குக் குரு ஊரில் இல்லாததால் நான் போக வேண்டியதாகிவிட்டது. பூசை முடிந்து தீர்த்தம் தெளித்துக் கல்லறையை மந்திரித்தேன். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கலைந்தபிறகு சவேரியம்மாள் என் முன்னால் வந்து நின்றார். ரொம்ப மெலிந்திருந்தார்.

“அவந்தான் போயிட்டான். இப்பவாச்சும் சொல்லுங்க சாமி. நீங்கதானே எம் மவ மனச மாத்துனீங்க?”

பின்னால் நின்ற ஜெயராணி முன்னே வந்தாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. “அம்மா, நான் அன்னைக்கிக் கிட்னியப் பத்தி சாமிகிட்ட ஒரு வார்த்தகூடப் பேசலம்மா. நான் சொன்னது வேற. இதுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல. நானா யோசிச்சு, நானாதாம்மா மாட்டேன்னேன்.”

சவேரியம்மாள் மகளை நம்பவில்லை. ஆனால் நம்பிவிடலாமா என்று யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் பேசாத மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “நெசமா சாமி?”

“சொல்லுங்க சாமி” என்றாள் ஜெயராணி. “நாந்தானே சொல்லச் சொல்றேன். என்னோட பாவசங்கீர்த்தனந்தானே. ஆமான்னு சொல்லுங்க.”

பாவசங்கீர்த்தனம் செய்தவரே முழுச் சுதந்திரத்தோடு அனுமதி கொடுத்தால் குரு பேசலாம் என்று பல அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் கற்பித்தேன். முழுச் சுதந்திரத்தோடு. ஆனால் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, அண்ணனின் கல்லறைக்கு முன்னால், வீட்டு வாசற்படி திரும்பக் கிடைக்குமா என்று நிற்கிற ஒரு பெண் சொல்லும் ‘சரி’ எவ்வளவு சுதந்திரமானது என்று சோதிப்பதுதானே அத்தனை வருடமும் என் வேலை. அவளைத் தனியாக அழைத்துக் கேட்டிருக்கலாமே என்று இப்போது நடு நடுவே எழுந்து நடக்கும்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. ஒரு தடவை தவறினவனுக்கு வரும் பயம்தான் இருந்தது. நான் தீர்த்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஆம் என்றும் இல்லை என்றும் தலையசைக்காமல் நின்றேன்.

“பாத்தியா” என்று சவேரியம்மாள் மகளிடம் சொன்னார். வேறெதுவும் சொல்லாமல் கல்லறைத் தோட்டத்து வாசலைப் பார்த்து நடந்தார்.

ஜெயராணி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“ஒரு வார்த்ததானே சாமி கேட்டேன்” என்றாள்.